மழைநீர்த் தொட்டி நாறுகிறதா? மூக்கை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம்

தொட்டித் தண்ணீர் நாறுகிறது என்றதும் கை தானாகப் பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் தேடிப் போகும். கொஞ்சம் பொறுங்கள். நானும் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படித்தான் குளோரினாகக் கொட்டினேன். கொட்டிய அன்று நாற்றம் அடங்கும், அடுத்த மழை பெய்ததும் பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில் பார்த்தால் தொட்டியில் ஒரு குறையும் இல்லை. கூரையிலிருந்து தொட்டிக்கு வரும் வழியில் மண்ணுக்குள் புதைத்திருந்த குழாயில் போன மழையின் தண்ணீர் இலையோடு சேர்ந்து ஊறிக் கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் முதலில் அந்த ஊறல்தான் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மழைநீர் தானாக நாறாது. மக்கக்கூடிய ஏதோ ஒன்று, அசையாமல் நிற்கும் தண்ணீர், காற்றுப் புகாத இடம், இந்த மூன்றும் எங்கோ ஓரிடத்தில் சேர்ந்தால்தான் நாறும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. கண்டுபிடிக்காமல் குளோரின் ஊற்றினால் அது முதலில் இலைச்சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமியைக் கொல்ல மிச்சமே இருக்காது.

முதலில் மூன்று பாட்டில்

கழுவிக் காயவைத்த, இறுக மூடக்கூடிய மூன்று கண்ணாடி பாட்டில்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தொட்டியின் மேல்மட்டத் தண்ணீர், இரண்டாவதில் அடிமட்டத் தண்ணீர், மூன்றாவதில் நாற்றம் வருகிற குழாயின் தண்ணீர். அடிமட்டத்திலிருந்து எடுக்க, விறைப்பான, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்று போதும். மேல் முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மெதுவாக அடிவரை இறக்கி, விரலை எடுத்துவிட்டு, திரும்ப அடைத்து மேலே தூக்குங்கள். அடித்தண்ணீர் குழாயோடு ஏறி வந்துவிடும். அடியில் சேறு எத்தனை விரற்கடை இருக்கிறது என்பதும் அந்தக் குழாயிலேயே தெரியும்.

பாட்டிலைப் பாதி மட்டும் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி, வீட்டுக்கு வெளியே போய்த் திறந்து முகர்ந்து பாருங்கள். வெளியே போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வீடுகளில் நாறுவது தண்ணீர் இல்லை, பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுக்குழாய். மேலிருந்து தண்ணீர் விழும்போது அதற்குள் இருக்கும் கெட்ட காற்று மேலே வரும், நாம் தண்ணீரைக் குறை சொல்வோம்.

மூன்று பாட்டிலும் சுத்தமாக இருந்தால் கழிவுக்குழாயைக் கழுவிவிட்டு நிம்மதியாக இருங்கள். அடிமட்ட பாட்டில் மட்டும் நாறினால் சேறு. குழாய்த் தண்ணீர் மட்டும் நாறினால் தொட்டிக்குப் பிறகு இருக்கும் குழாயோ வடிகட்டியோ கொதிகலனோ. மூன்றுமே நாறினால் தொட்டிக்குள் ஏதோ விழுந்திருக்கிறது, அல்லது வரும் வழியிலேயே கெட்டு வருகிறது. இனி உங்கள் மூக்கு சொல்கிற பகுதிக்கு நேரே போய்விடலாம்.

கூமுட்டை நாற்றம், அடிமட்டத் தண்ணீர்தான் மோசம்

இதுதான் அதிகம் பேருக்கு வருவது. இலைத்தூள், தூசி, பறவை எச்சம் எல்லாம் அடியில் படிந்து அடிமண்டியாகிறது. அந்தச் சேற்றுக்குள் ஆக்சிஜன் தீர்ந்ததும், ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சல்பேட்டை வைத்தே பிழைக்கும் பாக்டீரியாக்கள் பெருகி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடுகின்றன. கூமுட்டையில் வருவதும் அதே வாயுதான். மேலே தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் தண்ணீர் எடுக்கும் குழாய் அடியோடு ஒட்டி இருந்தால் நீங்கள் எடுப்பதெல்லாம் சேற்றின் மேல்தண்ணீர்.

சேறு இரண்டு விரற்கடையைத் தாண்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். இதற்காகத் தொட்டியைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஒரு ஹோஸ் குழாயின் முனையை நீளமான கம்பில் கட்டி, அடியில் மெதுவாக நகர்த்தி, மறுமுனையைத் தொட்டியின் அடியைவிடத் தாழ்வான இடத்தில் விட்டு, சைபன் முறையில் இழுத்தால் சேறு மட்டும் போய்விடும், தண்ணீர் முக்கால்வாசி மிஞ்சும். வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள், ஹோஸை முழுக்கத் தண்ணீரால் நிரப்பிவிட்டு இறக்குங்கள். நிலத்தடித் தொட்டிக்கு இந்த வித்தை பலிக்காது, தாழ்வான இடம் கிடைக்காதே. அங்கே சேற்றைத் தாங்கக்கூடிய சிறு மோட்டார்தான் வழி. முடிந்தபின் ஒரு நாள் தெளியவிட்டுப் பயன்படுத்தலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மூடிய தொட்டிக்குள், அதுவும் நிலத்தடித் தொட்டிக்குள், தனியாக இறங்கவே கூடாது. சேற்றைக் கிளறும்போது அதில் அடைந்திருந்த வாயு மொத்தமாக வெளியே வரும். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் அளவை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கை, எட்டும்போது மோப்ப உணர்வு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைப்பீர்கள், உண்மையில் அப்போதுதான் ஆபத்து. மெழுகுவர்த்தி கொளுத்தி இறக்கிப் பார்ப்பது போதாது, இந்த வாயு ஆளை வீழ்த்தும் அளவில் இருந்தாலும் சுடர் அணையாமல் எரியும், தீப்பற்றும் வாயு இருந்தால் அதுவே வினையாகிவிடும். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து சாவது இந்த வேலையில் திரும்பத் திரும்ப நடப்பது. மேலிருந்தபடி செய்ய முடியாவிட்டால், காற்றோட்டக் கருவியும் வாயு அளக்கும் கருவியும் இடுப்புக் கயிறும் வைத்திருக்கிறவர்களைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் நிலத்தடித் தொட்டியை மழைக்காலத்தில் முழுக்கக் காலி செய்யாதீர்கள். சுற்றிலும் நிலத்தடி நீர் ஏறியிருந்தால் காலித்தொட்டி படகு மாதிரி மேலே கிளம்பிவிடும், குழாய் இணைப்புகள் எல்லாம் முறியும்.

சேற்றை எடுத்தாயிற்று, திரும்ப வராமல் இருக்க? தண்ணீர் எடுக்கும் குழாய் அடியிலிருந்து குறைந்தது 10 செ.மீ. மேலே இருக்கட்டும். அதைவிட நல்லது மிதவையில் கட்டிய குழாய், அது நீர்மட்டத்துக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருந்து எடுக்கும், தொட்டியிலேயே சுத்தமான தண்ணீர் அங்கேதான் இருக்கிறது. மழைநீர் உள்ளே விழுகிற குழாயை அடிவரை இறக்கி, முனையை மேல்நோக்கி வளைத்துவிடுங்கள். புதுத்தண்ணீர் கொண்டுவரும் ஆக்சிஜன் அடிவரை போகும், சேறும் கலங்காது. செய்வதற்கு ஒரு குழாய்த்துண்டும் இரண்டு வளைவும்தான் வேண்டும், ஆனாலும் பெரும்பாலான தொட்டிகளில் இது இருப்பதில்லை.

தொட்டிச் சுவரில் தடவினால் வருகிற மெல்லிய வழுவழுப்பைப் பார்த்து அருவருத்து, வருஷத்துக்கு நாலு முறை தேய்க்க வேண்டியதில்லை. நாறாத வரை அது பாட்டுக்கு இருக்கட்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சேற்றின் அளவைப் பார்த்தால் போதும்.

மழை பெய்த மறுநாள் மட்டும் நாறுகிறது, பிறகு தானாகக் குறைகிறது

நான் முதலில் சொன்ன என் கதை இதுதான். கூரையிலிருந்து இறங்கும் குழாய் மண்ணுக்குள் போய், மறுபடி மேலே ஏறித் தொட்டியில் விழுகிற அமைப்பு இருந்தால், இரண்டு மழைக்கு நடுவே அந்தப் பள்ளத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும். 100 மி.மீ. உள்விட்டக் குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய 8 லிட்டர் பிடிக்கும். 15 மீட்டர் நீளம் என்றால் கிட்டத்தட்ட 120 லிட்டர் கெட்ட தண்ணீர் அடுத்த மழைக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

சோதிப்பது சுலபம். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் தொட்டியின் வாயில் விழும் தண்ணீரை ஒரு வாளியில் பிடியுங்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு வாளி. முதல் வாளி கறுப்பாக, நாற்றத்தோடு, இரண்டாவது தெளிவாக இருந்தால் குழாய்தான் குற்றவாளி. குழாயின் மிகத் தாழ்வான இடத்தில் ஒரு டி இணைப்பும் வால்வும் வைத்து, மழை நின்றதும் திறந்துவிடுங்கள். அந்த இடம் மண்ணுக்குள் ஆழமாக இருந்தால் சிறு குழி கட்டி மூடி போட வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் முடிந்தது. குழாயைத் தரைக்கு மேலேயே சரிவாகக் கொண்டுபோக வழியிருந்தால் வால்வும் வேண்டாம், குழியும் வேண்டாம்.

மண்ணுக்குள் குழாயே இல்லை, ஆனாலும் இதே அறிகுறி என்றால் கூரை ஓரத்துப் பீலியைப் பாருங்கள். வெயில் நாளில் மேல்முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். மீட்டருக்கு அரை முதல் ஒரு செ.மீ. சரிவு வேண்டும். நடுவில் தொய்ந்து போயிருந்தால் அங்கே ஒரு தாங்கியைக் கூடுதலாக அடியுங்கள். பீலியில் மக்கிய இலையைக் கையுறை போட்டு அள்ளுங்கள், பறவை எச்சத்தில் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் மாதிரி வயிற்றைப் பதம் பார்க்கிற கிருமிகள் இருக்கலாம். கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை வெட்டினால் இலை, எச்சம், எலி நடமாட்டம் மூன்றும் ஒரே வெட்டில் குறையும்.

ஒவ்வொரு மழைக்கும் கலங்கல்தான் வருகிறது

முதல் மழைநீரை ஒதுக்கும் குழாய், அதாவது கூரையைக் கழுவி வரும் முதல் அழுக்குத் தண்ணீரைத் தொட்டிக்குப் போகவிடாமல் தனியே பிடித்துவைக்கும் குழாய் இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை. கணக்கு எளிது: 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். கூரையைக் கழுவ அரை மி.மீ. முதல் 2 மி.மீ. வரை மழை தேவைப்படும், கூரை எவ்வளவு அழுக்கோ அதைப் பொறுத்து. 100 சதுர மீட்டர் கூரைக்கு 1 மி.மீ. ஒதுக்க வேண்டுமானால் 100 லிட்டர் பிடிக்கிற இடம் வேண்டும். பலரும் ஒரு மீட்டர் நீளக் குழாயைச் செங்குத்தாக மாட்டிவிட்டு ஒதுக்கி வைத்தாயிற்று என்று திருப்திப்படுகிறார்கள். மேலே சொன்ன கணக்குப்படி அதில் பிடிப்பது 8 லிட்டர்தான், பீலியின் ஒரு மூலையைக் கழுவக்கூடக் காணாது.

சரியான அளவில் இருந்தும் கலங்கல் வந்தால், பிடித்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியேற அடியில் இருக்கிற சொட்டுத் துளை அடைத்திருக்கும். அது அடைத்தால் குழாய் காலியாகாது, அடுத்த மழை நேராகத் தொட்டிக்குப் போய்விடும், உள்ளே நிற்கும் பழைய தண்ணீர் வேறு அழுகும். ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் அடி மூடியைத் திருகித் திறந்து கொட்டுங்கள். வருகிற கறுப்புத் தண்ணீரைப் பார்த்தால் இந்த வேலையைத் தள்ளிப்போட மனசு வராது.

சுடுதண்ணீர் மட்டும் நாறுகிறது

தொட்டியை விட்டுவிடுங்கள். சூடாக்கும் கலனுக்குள் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மக்னீசியத் தண்டு வைத்திருப்பார்கள். அதுவும் சல்பேட் பாக்டீரியாவும் சேர்ந்தால் கூமுட்டை நாற்றம் கிளம்பும். கலனை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில மணி நேரம் வைத்து, தண்ணீரை வடித்துவிட்டுப் பாருங்கள், கை சுட்டுக்கொள்ளாமல். திரும்பத் திரும்ப வந்தால் தண்டை அலுமினியம், துத்தநாகம் கலந்ததாக மாற்றச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு குழாயில் மட்டும், அதுவும் காலையில் திறந்தவுடன்

அந்தக் குழாய்க்குப் போகும் கிளையில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிறது, அல்லது வழியில் இருக்கும் வடிகட்டியின் உள்ளே மாட்டும் கார்ட்ரிட்ஜ் காலம் கடந்துவிட்டது. கரி வடிகட்டி குளோரினைப் பிடித்துவிடும், அதன்பிறகு அதற்குள்ளேயே கிருமிகள் குடும்பம் நடத்த வசதி. கார்ட்ரிட்ஜைக் கழற்றி அதையே முகர்ந்து பாருங்கள், பதில் உடனே கிடைக்கும். புதிது மாட்டும்போது வெளிக்கூட்டையும் தேய்த்துக் கழுவுங்கள்.

மணல், சரளை, கரி அடுக்கிய வடிகட்டித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான். மேலே இரண்டு அங்குல மணலைச் சுரண்டி எடுத்துக் கழுவி வெயிலில் காயவைத்துப் போடுங்கள். தண்ணீர் ஊற்றியதும் இறங்காமல் குளமாக நின்றால் மொத்தத்தையும் பிரித்துக் கழுவும் காலம் வந்துவிட்டது.

மண் வாடை, மக்கல் வாடை

மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழுகிற வாசனையை ரசிக்கிறோம், அதே பொருள் தம்ளரில் வந்தால் முகம் சுளிக்கிறோம். ஜியோஸ்மின் என்று 1965இல் பெயர் வைத்தார்கள். ஆக்டினோமைசீட்ஸ் என்ற மண் பாக்டீரியாக்களும் நீலப்பச்சைப் பாசிகளும் இதை உண்டாக்குகின்றன. ஒரு லிட்டரில் 10 நானோகிராம் இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும், அதாவது 100 கோடி லிட்டர் தண்ணீரில் 10 கிராம். அந்த அளவில் ஜியோஸ்மினால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. குளோரின் இதை அசைக்காது, கரி வடிகட்டி எடுத்துவிடும். ஆனால் கூரையில் பாசியோ பீலியில் மண்ணோ இருந்தால் அதுதான் ஊற்று, அதைத் துடைக்காமல் கரியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் செலவு உங்களுக்குத்தான்.

தண்ணீர் பச்சையாகிறது

வெளிச்சம் போகிறது, வேறொன்றுமில்லை. வெயில் நேரத்தில் தொட்டியின் மூடியை மூடிவிட்டு, சிறு திறப்பு வழியாக உள்ளே எட்டிப் பாருங்கள். சுவர் ஒளிர்ந்தால் அது வெளிச்சத்தை விடுகிற தொட்டி. வெளிர் நிறப் பிளாஸ்டிக் தொட்டிகளில் இது சகஜம். வெளியே கறுப்புச் சாயம் அடித்து அதன்மேல் வெள்ளை அடியுங்கள், கறுப்பு வெளிச்சத்தை மறிக்கும், வெள்ளை சூட்டைக் குறைக்கும். மூடியின் விளிம்பு இடுக்கு, வெள்ளைக் குழாய்த்துண்டு, உடைந்த காற்றுப்போக்கி இவற்றையும் விட்டுவிடாதீர்கள். இருட்டானால் பாசி சில வாரங்களில் செத்து அடியில் படியும், அதைச் சைபன் வைத்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அழுகிக் கூமுட்டைப் பகுதிக்கு உங்களைத் திருப்பி அனுப்பிவிடும். பாசியைக் கொல்லும் மருந்தை வீட்டுப் பயன்பாட்டுத் தண்ணீரில் ஊற்றாதீர்கள். நீலப்பச்சைப் பாசிகளில் சில நச்சை உள்ளே வைத்திருப்பவை, மருந்து அவற்றை உடைத்து நச்சைத் தண்ணீரில் கலந்துவிடும்.

தெளிவாக இருக்கிறது, ஆனால் பழுப்பு நிறம்

இலை ஊறிய சாயம், டானின். வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு நாள் வையுங்கள். அடியில் படிந்தால் மண்ணோ துருவோ, படியாமல் நிறம் அப்படியே நின்றால் டானின். சல்லடையில் இலை தேங்கி, அதன் வழியாகத் தண்ணீர் வடிந்து வருகிறது. இலையைத் தடுத்துவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம், அது சல்லடை மேலேயே உட்கார்ந்து ஊறிக்கொண்டிருக்கிறது. சரிவாக வைத்த சல்லடையாக மாற்றினால் இலை தானாகச் சறுக்கி விழும்.

பிண நாற்றம், கவிச்சை

எலி, பல்லி, தவளை, பறவை. டார்ச் அடித்துத் தேடுங்கள், மிதக்காமல் இருந்தால் அடியில் கம்பி வலையால் துழாவுங்கள். கிடைத்ததும் எடுத்துவிட்டு, மனசைத் தேற்றிக்கொண்டு தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பெரிய தொட்டியில் சின்னப் பல்லிதானே என்று தோன்றும். செடிகளுக்கு ஊற்றலாம், வீட்டுக்குள் வேண்டாம். சுவரைத் தேய்த்துக் கழுவி, சேற்றை எடுத்து, புதுத்தண்ணீர் நிரம்பியபின் குளோரின் போடலாம், அதற்கு இதுதான் சரியான நேரம்.

அளவு: லிட்டருக்கு 5 மி.கி. குளோரின். 1000 லிட்டருக்கு 5 சதவீதத் திரவ பிளீச் என்றால் 100 மி.லி., 30 சதவீதப் பிளீச்சிங் பவுடர் என்றால் 17 கிராம், 70 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 7 கிராம். தொட்டியின் கொள்ளளவு தெரியாவிட்டால் நீளம், அகலம், நீர் உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்குங்கள். வாசனை சேர்த்த பிளீச் கூடாது, நீச்சல் குளத்துக்கென்று சையனூரிக் அமிலம் கலந்து வருவதும் கூடாது. பவுடரை வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் பரவலாக ஊற்றுங்கள். எக்காரணம் கொண்டும் அமிலத்தோடோ அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவத்தோடோ சேர்க்காதீர்கள், மூச்சையே அடைக்கும் விஷவாயு வரும். அரை மணி நேரம் கழித்துச் சோதனைப் பட்டையில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மி.கி. குளோரின் மிஞ்சியிருந்தால் போதும். கொஞ்சமும் மிஞ்சாவிட்டால் அழுக்கு இன்னும் உள்ளே இருக்கிறது. அளவைக் கூட்டாதீர்கள், அழுக்கைத் தேடுங்கள். பழைய பவுடர் என்றால் வீரியம் போயிருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

விழுந்த பிராணி எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்து அடைக்காவிட்டால் அடுத்த மாதம் அதன் சொந்தக்காரர் வருவார். பெரும்பாலும் வழிந்தோடும் குழாயின் திறந்த முனைதான் வாசல்.

சாக்கடை வாடை

வழிந்தோடும் குழாயை நேராகக் கழிவுநீர்க் குழாயில் இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நடுவில் வளைவில் தண்ணீர் நின்று வாயுவை மறிக்கும் என்று சொல்வார்கள், வெயில்காலத்தில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும், அப்புறம் சாக்கடைக் காற்று தாராளமாகத் தொட்டிக்குள் வரும். சாக்கடை அடைத்துக்கொண்டால் காற்றோடு நிற்காது. இணைப்பைத் துண்டித்து, குழாயின் முனை தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் திறந்தவெளியில் முடியும்படி விட்டு, வலை கட்டுங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

கூத்தாடிப் புழு நெளிகிறது

முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க வெப்பமான காலத்தில் 7 முதல் 10 நாள் போதும். ஆகவே இந்த வாரம் புழுவைப் பார்த்தால் ஓட்டை இப்போதே திறந்திருக்கிறது என்று பொருள். நுழைவாய், வழிந்தோடும் குழாய், காற்றுப்போக்கி, மூடி, எல்லாவற்றிலும் 1 மி.மீ.க்கு மேல் கண் இல்லாத வலை வேண்டும், துருப்பிடிக்காத கம்பி வலையாக இருந்தால் நல்லது, நைலானை எலி கடித்துவிடும். சல்லடை கட்டியிருக்கிறேனே என்பவர்கள் அதன் விளிம்பைப் பாருங்கள். வலைக்கும் குழாய்க்கும் நடுவே விரல் போகிற இடைவெளி இருந்தால் வலை கட்டியதும் கட்டாததும் ஒன்றுதான்.

உள்ளே இருக்கும் புழுவுக்கு, சேமித்த தண்ணீரில் போட அனுமதி உள்ள பி.டி.ஐ. மருந்து இருக்கிறது, அது ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுப்பது, புழுவின் குடலைத் தாக்கும். மண்ணெண்ணெய் ஊற்றும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த வாடை தொட்டியை விட்டுப் போகாது. தொட்டியைக் காலி செய்தால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம், ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும், அது பல மாதம் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். சுவரைத் தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

மேலே மஞ்சள் தூள் மிதக்கிறது

மகரந்தம். பூக்கும் பருவத்தில் சில வாரம் வரும், சல்லடைக்கெல்லாம் அகப்படாது, விட்டுவைத்தால் புளித்த வாடை எழும். வழிந்தோடும் குழாய் வழியே தொட்டி நிரம்பி வழியும்போது இது தானாகப் போய்விடும், அதனால் வருஷத்தில் சில முறையாவது தொட்டி நிரம்பி வழிவது நல்லது. ஒரு சொட்டுக்கூட வீணாகக்கூடாது என்று மிகப் பெரிய தொட்டி கட்டியவர்களுக்கு இந்தக் கழுவல் கிடைப்பதில்லை.

நாற்றம் இல்லை, ருசி சரியில்லை

கசப்பும் சோப்பு மாதிரி வழுவழுப்பும் இருந்தால், அதுவும் புதுச் சிமெண்ட் தொட்டி என்றால், சுண்ணாம்பு கரைகிறது. மழைநீர் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது, பி.எச். எனும் அமில-கார அளவு 5.6 அருகில் இருக்கும், தாது இல்லாததால் தொட்டதையெல்லாம் கரைக்கப் பார்க்கும். முதல் சில நிரப்பலைத் தோட்டத்துக்கு விட்டுவிடுங்கள். பி.எச். 8ஐத் தாண்டினால் குளோரினும் சரியாக வேலை செய்யாது, எனவே புதுத்தொட்டிக்குக் குளோரின் போட்டும் பயனில்லை என்று புலம்புகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாயைத் துவர்க்கவைக்கும் உலோக ருசி என்றால் துத்தநாகம், தகரக் கூரையிலிருந்தோ தொட்டியிலிருந்தோ வருவது. கைகழுவும் தொட்டியில் நீலப்பச்சைக் கறை விழுந்தால் செம்புக் குழாய் கரைகிறது. ஈயத்துக்கு மட்டும் நாற்றமும் இல்லை, ருசியும் இல்லை. கூரை இணைப்பில் ஈயத் தகடோ பழைய ஈயச் சாயமோ இருந்தால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காமல் குடிக்கக்கூடாது, கொதிக்கவைத்தாலும் ஈயம் போகாது. கல்நார் கூரை என்றால் அதைச் சுரண்டவோ அழுத்த நீரால் அடிக்கவோ வேண்டாம், இழைகள் காற்றில் பறக்கும்.

எல்லாம் செய்தாயிற்று, இன்னும் லேசாக நாறுகிறது

தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கிற அழுத்தக் கலன், மோட்டாரின் சல்லடைக் கிண்ணம், யாரும் திறக்காத கடைசிக் குழாய், இந்த மூன்றும் விட்டுப்போயிருக்கும். தொட்டியில் குளோரின் இருக்கும்போதே வீட்டிலுள்ள ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் வடித்துவிடுங்கள். அதற்கு முன்னால் கரி வடிகட்டியைக் கழற்றி வைக்க மறந்துவிட்டால் குளோரின் அங்கேயே நின்றுவிடும், அதற்குப் பின்னால் உள்ள குழாய்களுக்கு ஒன்றும் போய்ச் சேராது.